மரியாதைக்குப் போட்ட ஹவெவர்

1963 மார்ச் 12, செவ்வாய்க்கிழமை. கிணற்றில் குளித்து, பழஞ்சோறும் மீன் சொதியும் சாப்பிட்டு, எழுத்தராக வேலை பார்த்த களுவாஞ்சிக்குடி அரசாங்கக் கந்தோருக்குச் சைக்கிளில் போனேன். வட்டை வயல்களுக்குத் தண்ணீர் கேட்டு வந்த மனுக்களைப் பதிந்தேன். மாலையில் வாவிக்கரைப் பாதையால் வீடு திரும்பி, தேநீர் குடித்து, ஆங்கில இலக்கணத்தோடு உட்கார்ந்தேன்.

பதவி உயர்வுப் பரீட்சையின் ஆங்கிலத் தாளில் இரு முறை தவறியிருந்தேன். நாற்பத்தைந்து வயதுக்குப் பின் எழுத முடியாது. எனக்கு அப்போது நாற்பத்து நான்கு. அந்த வாரச் சனிக்கிழமைதான் கடைசி வாய்ப்பு. இன், ஒன், நியர் என்று தொடங்கி இடம் சொல்லும் சொற்றொடர்களும், ஹவெவர், தெயர்போர் போன்ற இணைப்புச் சொற்களுமே என்னைக் கவிழ்த்தவை. இம்முறை அவற்றை விடுவதில்லை என்றிருந்தேன்.

பயிற்சிக்காக விவசாயி ஒருவரின் மனுவை ஆங்கிலத்தில் எழுதி, மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்த என் மனைவியிடம் கொடுத்தேன்.

"இஞ்சருங்க, வாவிக்குக் கிட்ட, றோட்டுக்கு மேற்கால, கோயிலுக்குப் பின்னால, எல்லாம் இருக்கு. ஆள் எங்க?"

"கடைசி வரியில நிக்கிறார்."

"அதுக்குள்ள வாசிக்கிறவர் வாவிக்குள்ள விழுந்திருவார்."

மனு எழுதும் எங்கள் வழக்கம் அது. முதலில் மாவட்டம், பற்று, கிராமம், காணியின் எல்லைகள், பிறகே மனிதர். இருபது வருடம் அப்படி எழுதிய கை ஆங்கிலத்திலும் அதையே செய்திருந்தது.

"மழை பெய்யல்ல, வயல் காஞ்சது. இதுக்கு நடுவில ஏன் ஹவெவர்?"

"மரியாதைக்கு."

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "கலியாண வீட்டில பன்னீர் தெளிக்கிற மாதிரியா?"

பழைய கோப்புகளில் துரைமார் எழுதிய கடிதங்களைப் பார்த்து, அந்தச் சொற்கள் அரசாங்கக் கடிதத்துக்கு அழகு என்று கந்தோரில் எல்லோருமே நம்பியிருந்தோம். வயல் காய்ந்ததற்கு மழையில்லாததே காரணம் என்று அவள் விளக்கினாள். அங்கே தெயர்போர்தான் வர வேண்டும். முன் வசனம் எதிர்பார்க்க வைத்ததைப் பின் வசனம் மறுத்தால் மட்டுமே ஹவெவர்.

"ஆளை முன்னுக்கு வைங்க. என்ன செய்தார் எண்டு சொல்லுங்க. எங்க, எப்ப எண்டதெல்லாம் மறுகா வரட்டும்," என்றாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒவ்வொரு ஹவெவரிலும் பென்சிலை வைத்து, உனக்கு இங்கே என்ன வேலை என்று கேட்டேன். ஒன்று மட்டும் தப்பியது: மனு அனுப்பினோம், ஹவெவர், தண்ணீர் வரவில்லை. மற்றவற்றை வெட்டினேன். தாள் கிழிந்தது.

மறுநாள் விடிந்ததும், கிணற்றடிக்குப் போகுமுன் மேசையில் உட்கார்ந்து, கிழிந்த தாளைப் பாராமல் அதே மனுவைப் புதிதாக எழுதினேன். முதல் வரியின் தொடக்கத்திலேயே விவசாயியை நிறுத்தினேன்.