காற்று நாளில் இறக்கிய துணிப்பை

ஐம்பதுகளில் ஓசூர்ப் பக்கம் சிறு விமானங்கள் இறங்கிப் பழக ஒரு செம்மண் ஓடுபாதை இருந்தது. அதற்கு நான் காவலாள். ஆடு மாடுகளை விரட்டுவது, புல் செதுக்குவது, கம்பத்தில் துணிப்பையை ஏற்றுவது என் வேலை. காற்று எந்தப் பக்கமிருந்து, எவ்வளவு பலமாக வருகிறது என்று மேலே இருக்கும் விமானிக்கு அந்தப் பைதான் காட்டும்.

ஓர் ஆடியில் பை கிழிந்துபோனது. புதிது வாங்க எங்கள் அதிகாரி மேலிடத்துக்கு நடையாய் நடந்தார். அது வந்து சேர்ந்ததும் என்னைக் கூப்பிட்டார்.

"காத்து பலமா அடிச்சா இறக்கி மடிச்சுப் பொட்டியில வெச்சிடு."

"காத்து இல்லாதப்ப அது எதுக்குங்க சார்?"

"சொன்னதச் செய்யி."

செய்தேன். இன்றைக்கும் என் மேலேயே எனக்கு எரிச்சல் வருவது அதற்குத்தான்.

அடுத்த ஆடியில் ஒரு மத்தியானம் மேற்கிலிருந்து அடித்த காற்று புழுதியை வாரி இறைத்தது. பை பெட்டிக்குள். பெங்களூரிலிருந்து பயிற்சி விமானம் ஒன்று வந்து தாழப் பறந்தது. பாதை வடக்கு தெற்கு, காற்றோ பக்கவாட்டில். இறங்காதே என்று துண்டை ஆட்டிக்கொண்டு ஓடினேன். எங்கள் பக்கத்தில் விமானத்தைக் கண்டால் எல்லோரும் துண்டை ஆட்டுவார்கள். விமானியும் பதிலுக்குக் கையாட்டிவிட்டு, சுற்றி வந்து இறங்கினார். சக்கரம் தரையைத் தொட்ட நேரம் பார்த்துக் காற்று ஒரு வீச்சு வீசியது. மேற்குப் பக்கத்து இறக்கை எழும்ப, மற்றது மண்ணை உழ, விமானம் குப்புறக் கவிழ்ந்தது. விமானியை நான்தான் வெளியே இழுத்துப் போட்டேன். வலது கை முறிந்திருந்தது.

விசாரணையில் அதிகாரி கொஞ்சமும் கூசாமல், "நான் அப்படிச் சொல்லவே இல்ல. எல்லாம் இவன் சோம்பேறித்தனம்" என்றார். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. என் கவனக்குறைவுதான் காரணம் என்று எழுதிய காகிதத்தை நீட்டினார்கள். கையெழுத்துப் போட்டால் வேலை நிலைக்கும், இல்லாவிட்டால் வீட்டுக்குப் போகலாம்.

கையில் கட்டோடு உட்கார்ந்திருந்த விமானி, பாவம், நல்ல மனசோடுதான் சொன்னார்: "போட்டுடுப்பா. நான் ஒண்ணும் மனசுல வெச்சுக்கல."

மன்னிக்கிறாராம்! யார் தப்புக்கு யாரை? பேனாவை மேஜையில் வைத்தேன்.

"இறக்கச் சொன்னது அவரு. கேட்டு நடந்தது என் தப்பு. ரெண்டையும் எழுதுங்க சார், ரெண்டு பேருமே கையெழுத்துப் போடறோம்."

யாரும் எழுதவில்லை. மறுநாள் முதல் எனக்கு வேலை இல்லை.