வயசாளிக்கு இரண்டு தட்டு

பஸ் கண்டக்டருக்கு ஓயாத தொண்டையும் ஒன்றும் கேட்காத காதும் வேண்டும்; ஃபுட்போர்டில் தொங்குகிற உங்களுக்கும், எங்கள் பஸ் நிற்காமல் போனதால் தூசி தின்ற உங்களுக்கும் இது தெரியும்.

எங்கள் நியாயம்

இலங்கையில், தெரணியகலை ரூட்டில் எங்கள் பிரைவேட் பஸ்ஸை எப்போதும் இன்னொன்று துரத்தும். நான் பஸ்ஸில் ஒரு தட்டு தட்டினால் நிற்கும், இரண்டு தட்டினால் போகும். தேயிலைத் தோட்டத்துச் சந்தியில் வயசாளிகள் மட்டும் நின்றால் இரண்டு தட்டுத்தான். செவ்வாய்க்கிழமை கிளினிக் தவறினால் அவர்களுக்கு ஒரு மாதத்துப் பிரஷர் மருந்து போச்சு. தெரிந்தேதான் தட்டினேன், வெட்கமாக இருக்கிறது. சிங்களவரான டிரைவர் சுனில் அய்யா, என்னை 'மல்லி', அதாவது தம்பி, என்று கூப்பிட்டு, தனக்குத் தெரிந்த தமிழில் தைரியம் சொல்வார்: "மல்லி, கெழடுகள ஏத்தினா நம்ம டைம் போச்சு!"

கை காட்டிய டீச்சர்

ஒரு செவ்வாய், அதே சந்தியில் ஓர் இளம் டீச்சர் கை காட்டினார். ஒரு தட்டு. பஸ் நின்றது, டீச்சர் ஏறவில்லை. தேயிலைச் செடிகளுக்குப் பின்னாலிருந்து ஏழு வயசாளிகள் எழுந்து வந்தார்கள்! முன்னால் மாரியாயி, நாற்பது வருஷம் தேயிலைக் கொழுந்து எடுத்தவர். "அடுத்த பஸ்ஸுல வாங்கம்மா" என்றேன். ஊன்றுகோலைக் கதவுக்குக் குறுக்கே வைத்தார்.

"அடுத்த பஸ்ஸும் இதத்தான் சொல்லுது. ஏத்துறது உங்க தயவு இல்லங்க தம்பி, எங்க உரிமை."

நிறுவை வரிசை

பிறகு, கொழுந்து நிறுக்கப் போகிற ஒழுங்கில் ஏறினார்கள். முதலில் கோல்கள் உள்ளே. அடுத்து கால் பலமுள்ளவர்கள், மற்றவர்களைக் கைகொடுத்துத் தூக்க. பின்னால் துரத்தும் பஸ் கண்ணில் படுமுன் ஏழு பேரும் சீட்டில். கடைசியாக, போனில் பேச்சை முடிக்காத ஒரு வாலிபர்தான் படியில் ஒரு கால், ரோட்டில் ஒரு கால் என்று எங்களை நிறுத்திவைத்தார். சுனில் அய்யா வாய்விட்டுச் சிரித்தார்: "டைம் தின்னுறது யாருன்னு இப்ப வெளங்குது மல்லி!"

மழைச் செவ்வாய்

ஆனால் எல்லா நாளும் வேகம் வருமா? அன்று ஆறு பேர் ஏறிவிட்டார்கள். மாரியாயி முழங்கால் வீங்கி, லயத்து வீடுகளின் படியில் ஒவ்வொன்றாக இறங்கிக்கொண்டிருந்தார். பின்னால் வந்த பஸ் ஹாரன் அடித்து எங்களை முந்தியது. "ஒரு ஆளுக்காக எத்தனை பேர் காத்திருக்கிறது?" என்று ஒரு பெரிய மனுஷர் கத்தினார். இரண்டு தட்டுத் தட்ட நான் கையைப் பையிலிருந்து எடுக்கவில்லை. சுனில் அய்யா எஞ்சினையே அணைத்துவிட்டார். அன்று எனக்கு அவரைக் கட்டிப்பிடிக்கத் தோன்றியது. மாரியாயி ஏறி, அந்தப் பெரிய மனுஷர் பக்கத்திலேயே உட்கார்ந்து, முகத்து மழையைத் துடைத்தார்.

"மெதுவா வந்தாலும் நானும் பாசஞ்சர்தாங்க."

இருபது வருஷம் ஃபுட்போர்டில் நின்ற என் முழங்காலும் இப்போது கிளினிக்கைப் பற்றி விசாரிக்கத் தொடங்கிவிட்டதால், அந்தச் சந்தியில் நான் அழுத்தமாக ஒரே தட்டுத்தான் தட்டுகிறேன்.