வல்லத்திராக்கோட்டைக்கு வந்த கடல்

எங்கள் அண்ணன் பர்மாவிலிருந்து நடந்து வந்தார். நடந்து என்றால் நடந்தேதான். ரங்கூனில் ஜப்பான்காரன் குண்டு போட்டதும் அண்ணியையும் நாலு வயசுப் பெண் குழந்தையையும் கூட்டிக்கொண்டு கிளம்பியவர், ஆனி மாசம் ஒரு நாள் உச்சி வெயிலில் ஒற்றை ஆளாக வல்லத்திராக்கோட்டையில் வந்து நின்றார். காடும் மலையும் கடந்து வந்த வழியில் வாந்திபேதி கண்டு ரெண்டு பேரும் போய்விட்டார்கள். அதைக்கூட அவர் சொல்லவில்லை. கூட நடந்து வந்த திருமயத்துக்காரர் ஒருவர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும்.

அன்றைக்குச் சுவரைப் பார்த்துப் படுத்தவர்தான். ஏழு மாசம். "சாப்பிடுறீங்களாண்ணே?" என்றால் "ம்". "வெந்நி வைக்கவா?" என்றால் "வேணாம்". அவ்வளவுதான் பேச்சு. வீட்டில் நானும் ஆத்தாவும் மட்டும். எங்கள் பக்கம் பெற்றவளை ஆத்தா என்றுதான் கூப்பிடுவோம். அப்பா நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோதே காலமாகிவிட்டார். எனக்கு அப்போது பத்தொன்பது வயசு. வாய்க்கு மட்டும் அறுபது வயசு என்பாள் ஆத்தா.

ஒரு நாள் அண்ணன் கொல்லைக் கிணற்று மேட்டில் உட்கார்ந்து உள்ளே பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். ஆத்தா பார்த்துவிட்டு, அவர் கையைப் பிடித்து வீட்டுக்குள் கூட்டிவந்தாள். "இனிமே அவனை விட்டு அங்கிட்டு இங்கிட்டு நகராத புள்ள. அவனும் போயிட்டான்னா நான் இருந்து என்ன செய்யப் போறேன்?" என்றாள். அன்றிலிருந்து எனக்கு அது ஒன்றுதான் வேலை. அண்ணன் செத்துப்போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தை பிறந்தபிறகு, கடற்கரைக் கோட்டைப்பட்டினத்துப் பக்கமிருந்து வழக்கமாக வரும் உப்பு வண்டி வாசலில் நின்றது. பத்து நாளைக்கு ஒரு தரம் உப்பும் கருவாடும் கொண்டுவருவார் அந்த வண்டிக்காரர். அன்றைக்கு யாரோ கேட்டார்களென்று ஈரக் கடல்பாசியில் பொதிந்து நண்டும் கொண்டுவந்திருந்தார். அந்தப் பாசி வாடை உள்ளே வந்ததோ என்னவோ, அண்ணன் எழுந்து வாசலுக்கு வந்துவிட்டார். கூடைக்குள் குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

"ஏங்க, கடல் தண்ணி கொண்டாருவீங்களா?" என்று கேட்டார்.

ஏழு மாசத்தில் முதல் முழுப் பேச்சு! நான் கையில் வைத்திருந்த உப்பு முறத்தைக் கீழே போட்டுவிட்டேன்.

"தண்ணி எதுக்குங்க, அதான் உப்பாவே வண்டி நெறைய இருக்கே?" என்று சிரித்தார் வண்டிக்காரர்.

"மீன் வளக்க."

ஆத்தா அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள். "கொண்டாந்து குடுங்க சாமி, ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்." அண்ணன் அன்றைக்கு யானை வேண்டும் என்று கேட்டிருந்தாலும் அவள் புறப்பட்டிருப்பாள்.

ரங்கூனில் அவர் ஒரு வெள்ளைக்காரத் துரை வீட்டில் வேலை பார்த்தவர். அந்தத் துரைக்குக் கடல் பிராணிகள் என்றால் பைத்தியம். கூடத்தில் பெரிய கண்ணாடித் தொட்டி. கடல் தண்ணீர் சூடாகாமல் இருக்க, ஐஸ் கட்டிகளைப் போத்தலில் அடைத்து, மூடி, மிதக்கவிடுவார்களாம். ஐஸ் உருகித் தண்ணீரோடு கலந்தால் உப்பு நீர்த்துப் போகுமே, அதற்காக. அந்தத் தொட்டியை ஆறு வருஷம் பார்த்துக்கொண்டவர் எங்கள் அண்ணன்தான். இதெல்லாம் ஒவ்வொரு வாக்கியமாக, பல் பிடுங்குகிற மாதிரி, அந்த ரெண்டு மாசத்தில் எனக்குக் கிடைத்த சங்கதி.

நம்மூரில் ஐஸுக்கு எங்கே போவது? தொட்டிக்கே வழியில்லை. என் கல்யாணத்துக்கென்று அவரே ரங்கூனிலிருந்து அனுப்பியிருந்த அலமாரியின் கதவுக் கண்ணாடியைக் கழற்றினார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம். "கல்யாணத்தன்னைக்கு நான் புடவையைக் கூடையில வச்சுக்கிறேன், நீங்க மீனைக் கண்ணாடிக்குள்ள வைங்க" என்றேன். அவர் லேசாகச் சிரித்தார். அடுப்படிக்குப் போய் ஆத்தாவிடம், "அண்ணன் சிரிச்சுச்சு" என்றேன். ஆத்தா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

பலகைப் பெட்டி, முன்பக்கம் மட்டும் கண்ணாடி. தோணிக்குப் பூசுகிற குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சி மூலைமுடுக்கெல்லாம் அடைத்தார். வாடை போகப் பதினைந்து நாள் கிணற்றுத் தண்ணீரை நிரப்பி நிரப்பிக் கொட்டினோம். வடக்குப் பார்த்த சாமான் அறைதான் வீட்டிலேயே குளிர்ச்சி. அங்கே ஈர மணல் பரப்பி, அதன்மேல் பெட்டியை வைத்து, மூன்று பக்கமும் சாக்கைச் சுற்றி நனைத்தோம். வண்டிக்காரர் ஊறுகாய் ஜாடிகளில் கடல் தண்ணீரும், ஒரு மூட்டை கடல் மணலும் கொண்டுவந்தார். மண்ணெண்ணெய் டின்னில் கொண்டுவந்தால் எளிதாயிற்றே என்று அவர் கேட்டதற்கு, "இரும்பு பட்டுறக் கூடாதுங்க, துரு எறங்கும்" என்றார் அண்ணன். தண்ணீரைத் துணி போட்டு மூடி ஒரு வாரம் தெளியவிட்டபிறகுதான் தொட்டியில் ஊற்றினார்.

சும்மா சொல்லக்கூடாது, அந்த மனுஷர் என் உயிரை வாங்கிவிட்டார். எண்ணெய்க் கையோடு கிட்டே போகக்கூடாது. தண்ணீர் மட்டத்துக்குச் சாக்கட்டியால் கோடு போட்டிருந்தார். கோட்டுக்குக் கீழே இறங்கினால் நல்ல தண்ணீர்தான் ஊற்ற வேண்டும், கடல் தண்ணீர் ஊற்றக்கூடாது. "தண்ணிதான் ஆவியாப் போகும் புள்ள, உப்பு அங்கனேயே இருக்கும்ல?" என்பார். ஜீவன்களுக்குக் காற்று வேண்டுமென்று, கொட்டாங்கச்சி அகப்பையால் கோரிக் கோரி உயரத்திலிருந்து ஊற்ற வேண்டும். காலையில் நூறு தரம், மத்தியானம் நூறு, சாயங்காலம் நூறு. கை கழன்றுவிடும்போல இருக்கும். திட்டிக்கொண்டேதான் ஊற்றினேன். ஆனால் ஒரு நாள்கூட விட்டதில்லை.

எல்லாவற்றையும் ஒரேயடியாக விட்டுவிடவும் இல்லை. முதலில் பாசி படிந்த கல் ரெண்டு. பிறகு நத்தை மூன்று. அதுகள் சாகாமல் நின்றபிறகு, சங்குக்குள் குடியிருக்கிற நண்டு. பிறகு இறால் நாலு, வரிவரியான குட்டி மீன் ரெண்டு. கடைசியாகக் கல்லோடு ஒட்டிக்கொண்டு இதழ் இதழாக விரிகிற ஒன்று. கடல்பூ என்றார் வண்டிக்காரர். பூவே இல்லையாம், அதுவும் ஒரு பிராணியாம். அண்ணன் ஒரு துணுக்கு இறாலைக் குச்சியில் குத்தி அதனிடம் நீட்டினார். அது மெதுவாக மூடி விழுங்கிவிட்டது. அடியாத்தி! நான் பயந்து கத்தினேன்.

"எம்மவளும் இப்படித்தான் கத்துவா" என்றார் அண்ணன்.

அதுதான் அவர் குழந்தையைப் பற்றி முதன்முதல் பேசியது. துரை இல்லாத நேரத்தில் அவளைத் தொட்டி பார்க்கக் கூட்டிப்போவாராம். கடல்குதிரையைக் கண்டால் அவளுக்கு உயிராம். சொல்லிவிட்டு, ரெண்டு தரம் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். பங்குனியில் கொல்லைப்பக்கம் அவரே போய் வெந்நீர் போட்டுக் குளிக்க ஆரம்பித்தார். ஆத்தா எனக்கு மாப்பிள்ளை பார்க்கிற பேச்சைக்கூட மறுபடி எடுத்தாள். பிழைத்துக்கொண்டார் என்றே நினைத்தோம்.

சித்திரையில், தங்கள் ஊர்க்காரர் வலையில் கடல்குதிரை விழுகிறது என்றார் வண்டிக்காரர். அண்ணனுக்குக் கண் மின்னியது. "நானே போயி எடுத்துட்டு வாரேன்" என்று புறப்பட்டுவிட்டார். பர்மாவிலிருந்து வந்தபிறகு ஊர் எல்லையைத் தாண்டுவது அதுதான் முதல் தடவை. போகும்போது என்னிடம், "தண்ணி மட்டும் சூடாயிறாமப் பாத்துக்க தங்கச்சி. ஒன்னை நம்பித்தான் போறேன்" என்றார்.

அவர் போன மறுநாள் வெயில் காய்ச்சு காய்ச்சென்று காய்ச்சியது. சாக்கை நனைத்த கையோடு காய்ந்தது. தண்ணீரில் விரலை விட்டால் வெதுவெதுவென்றிருந்தது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அப்போதுதான் செப்புத் தவலை ஞாபகம் வந்தது. எங்கள் வீட்டில் குடிக்கிற தண்ணீர் அதில்தான். என்ன வெயிலிலும் ஜில்லென்றிருக்கும். சாமிக்குத் தீர்த்தம் வைப்பதும் செம்பில்தானே? இரும்புதான் ஆகாது என்றார். செம்பில் துருவா பிடிக்கும்? மோர் வைக்கக்கூடாது, புளி வைக்கக்கூடாது, களிம்பேறும் என்று எல்லாப் பெண்களுக்கும் தெரியும். இது தண்ணீர்தானே என்று நினைத்தேன், மடச்சி! தொட்டித் தண்ணீரில் பாதியை மொண்டு தவலையை நிரப்பி, ஈர மணலில் புதைத்துவைத்தேன். விடிந்ததும் எடுத்துப் பார்த்தால் அப்படியொரு குளிர்ச்சி. தொட்டியில் திரும்ப ஊற்றினேன். அண்ணன் வந்து "பரவால்லயே" என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், எனக்கு அதுதான் ஆசை.

மத்தியானத்துக்குள் கடல்பூ சுருங்கிக் குழகுழவென்று தொங்கியது. நத்தைகள் கல்லை விட்டு உதிர்ந்தன. நண்டு சங்கை விட்டு வெளியே வந்து மல்லாந்து கிடந்தது. சாயங்காலம் மீன்களும் மிதந்தன. ஓடிப்போய்த் தவலைக்குள் எட்டிப் பார்த்தேன். தண்ணீர் நின்ற மட்டத்தில் பச்சையாகக் களிம்பு வளையம். உப்புத் தண்ணீரும் செம்பில் களிம்பேற்றும், அந்த விஷம்தான் கொன்றிருக்கிறது என்று எனக்குப் புரிந்துவிட்டது. புளியும் சாம்பலும் போட்டுத் தவலையைத் தேய் தேயென்று தேய்த்துக் கவிழ்த்துவைத்தேன்.

மறுநாள் காலை, யுத்தகாலப் பெட்ரோல் பஞ்சத்தில் கரி போட்டு ஓட்டிய பஸ்ஸில் வந்து இறங்கினார் அண்ணன். மடியில் குழந்தையை வைத்துக்கொள்வதுபோல் ஜாடியை அணைத்துக்கொண்டு, அறந்தாங்கியிலிருந்து உட்கார்ந்தே வந்திருக்கிறார். "ரெண்டு புள்ள! சோடி!" என்று சிரித்துக்கொண்டே சாமான் அறைக்குள் நுழைந்தவர் அப்படியே நின்றார்.

"என்ன ஆச்சு?"

"வெயிலுண்ணே" என்றேன். "தண்ணி சூடாயிருச்சு."

கையை விட்டுப் பார்த்தார். "இப்பக் குளுந்துதானே இருக்கு" என்றார். என்னைத் திட்டவில்லை. செத்ததையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டார். ஜாடித் தண்ணீர் பஸ்ஸில் சூடேறிவிட்டது, இவற்றைச் சீக்கிரம் விட்டுவிட வேண்டும் என்றார். கடல்குதிரையை உள்ளங்கையில் தண்ணீரோடு ஏந்தினார். 'அந்தத் தண்ணியில விடாதீங்கண்ணே' என்று சொல்ல ஒரு மூச்சு போதும். என் நாக்கு எழவில்லை. அண்ணன் திரும்பி என்னைப் பார்க்கிற பார்வைக்குப் பயந்துதான் நின்றேன், வேறொன்றுமில்லை. அவர் ரெண்டையும் விட்டுவிட்டார்.

பொழுது சாய்வதற்குள் ரெண்டும் மணலில் கிடந்தன. குளிர்ந்த தண்ணீரில்தான் செத்தன; வெயில் மேல் பழி போட வழியில்லை. அண்ணன் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நான் தொட்டது எதுவும் நிக்காது புள்ள. அதுக ரெண்டும் அப்படித்தான் போச்சு, இதுக ரெண்டும் இப்படிப் போச்சு" என்றார். போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார்.

சொல்லிவிட வேண்டும் என்று எத்தனையோ தரம் பக்கத்தில் போனேன். ஒரு தரம் கஞ்சியோடு போய் நின்றேன். "என்ன?" என்று கேட்டார். "உப்புப் போதுமாண்ணே?" என்று கேட்டுவிட்டு வந்தேன். அவர் கஞ்சியையும் விட்டுவிட்டார், தண்ணீரையும் குறைத்துவிட்டார். ஆடியில் காய்ச்சல் என்று படுத்து எட்டாம் நாள் போய்விட்டார். முறைக்காய்ச்சல், அதாவது மலேரியா என்றார் வைத்தியர். பர்மா கொன்றுவிட்டது என்றது ஊர்.

காரியம் எல்லாம் முடிந்து, வந்தவர்கள் போனபிறகு, என்னால் தாங்க முடியவில்லை. ஆத்தா காலைக் கட்டிக்கொண்டு எல்லாவற்றையும் சொல்லி அழுதேன்.

"தெரியும்" என்றாள். "நீ தவலையைத் தேச்சப்ப அடுப்படியிலதான நின்னேன்."

"பெறகு ஏன் ஆத்தா நீயாவது அண்ணங்கிட்டச் சொல்லல?"

"நீ சொல்லுவேன்னு இருந்தேன். இன்னைக்குச் சொல்லுவா, நாளைக்குச் சொல்லுவான்னு. நாஞ் சொன்னா அவன் ஒன் மூஞ்சியில முழிக்க மாட்டானே, அண்ணனும் தங்கச்சியும் இல்லாமப் போயிருமேன்னு இருந்துட்டேன்டி."

சித்திரையிலிருந்து ஆடி வரைக்கும் அந்த வீட்டில் மூன்று பேர் இருந்தோம். அதில் ரெண்டு பேருக்குத் தெரியும். தெரியாதவர் அவர் ஒருவர்தான்.