ஏழு நிலையங்களின் துறைத் தலைவர்

ஐஸ் தொழிற்சாலையில் முப்பத்தொரு வருடம் கம்ப்ரசர்களோடு மல்லுக்கட்டி ஓய்வு பெற்றவர் அவர். ஊரிலிருந்த தனியார் தொழிற்பயிற்சி நிலையங்களில் அவருக்கு 'கோட்டு சார்' என்று பெயர். பயிற்சி நிலையம் நடத்த அரசு உரிமம் வேண்டும். ஃப்ரிட்ஜ், ஏசி மெக்கானிக் பிரிவுக்கு உரிமம் கேட்டால், பட்டயமும் பத்து வருட அனுபவமும் உள்ள துறைத் தலைவரைக் காட்ட வேண்டும். அந்த வட்டாரத்தில் இரண்டும் உள்ளவர் அவர் ஒருவர்தான். எனவே ஏழு நிலையங்களின் விண்ணப்பத்திலும் அவரே துறைத் தலைவர். ஆய்வு நடக்கும் நாளில் சாம்பல் நிறக் கோட்டை மாட்டிக்கொண்டு போய், தலைவர் நாற்காலியில் மதியம் வரை உட்கார்ந்திருப்பார். வருடத்துக்கு ஏழு நாள் உத்தியோகம்.

ஆய்வுக்கு வரும் அதிகாரியும் ஒருவரே. ஒவ்வொரு முறையும் அன்றுதான் முதன்முதலாகப் பார்ப்பதுபோல் கைகுலுக்குவார்.

"எத்தனை வருஷமா இங்க இருக்கீங்க சார்?"

"ஆறு வருஷமா."

"நல்லது, நல்லது."

போன வாரம் வேறு தெருவில், வேறு நாற்காலியில் இதே பதிலைக் கேட்டவர் அவர். எங்கேயோ பார்த்த முகம் என்று ஒருநாள்கூட வாய் தவறியதில்லை. நூலக அலமாரியில் இருந்த தடிப் புத்தகங்களும் ஏழு இடத்திலும் ஒன்றேதான். இத்தனை ஊர்வலம் போயும் ஒரு பக்கம்கூடக் கசங்கவில்லை.

கோட்டு சாரின் மனைவி, மருத்துவமனையில் தலைமை நர்ஸாக இருந்தவர், கோட்டுக்கு இஸ்திரி போட்டபடி சொல்வார்: "துணிக்கடை வாசல் பொம்மைகூட தினம் வேலைக்குப் போகுது."

ஐந்தாவது நிலையத்தில்தான் வந்தது வினை. அன்று அதிகாரி கதவு, ஜன்னல், கழிப்பறை எல்லாம் அளந்து முடித்துவிட்டு, "ஒரு பத்து நிமிஷம் வகுப்பு நடக்கறதப் பாக்கணும். புது விதி" என்றார். நிலையத்தின் உரிமையாளருக்கு முகம் வெளுத்தது. பாடம் எடுக்கும் பையன் வேலையை விட்டுப் போய் மூன்று வாரம் ஆகியிருந்தது. வேறு வழியில்லாமல் துறைத் தலைவரையே வகுப்புக்குள் தள்ளினார்கள்.

உள்ளே பதினான்கு பேர். முன்வரிசையில் இருந்த, இரண்டு பிள்ளைகளின் தாய் கையைத் தூக்கினார். "சார், ஃப்ரிட்ஜ் ஆன் பண்ணா கம்ப்ரசர் 'உம்'முனு முனகிட்டு நின்னுடுது. எதனால சார்?"

மூன்று வாரமாக இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு அவர் யாரைக் கேட்பது என்று தெரியாமல் இருந்தாராம். கோட்டு சாருக்கோ, ஓய்வு பெற்றபின் தொழிலைப் பற்றி யாரும் ஒரு கேள்வி கேட்டதில்லை. ரிலேயைச் சொன்னார், கெபாசிட்டரைச் சொன்னார், காட்டுவதற்காக ஆய்வகத்து ஃப்ரிட்ஜைத் திருப்பிப் பின்பக்கத்தைத் திறந்தார். உள்ளே கம்ப்ரசரே இல்லை. வெறும் பெட்டி. வகுப்பு கொல்லென்று சிரித்தது. அவரும் சிரித்தார், கோட்டைக் கழற்றி அந்தப் பெட்டியின் மேலேயே போட்டுவிட்டு, கரும்பலகையில் கம்ப்ரசரை வரைய ஆரம்பித்தார். அதிகாரி 'திருப்தி' என்று எழுதிவிட்டு எப்போது போனார் என்பதே அவருக்குத் தெரியாது.

மறுநாள் காலை மறுபடி போய் நின்றார். உரிமையாளர் பதறிவிட்டார்.

"சார், இன்னைக்கு ஆய்வு இல்லையே?"

"தெரியும். கிளாஸ் எடுக்க வந்தேன்."

"எங்க மேல ஏதாவது வருத்தமா சார்?"

வருத்தமில்லை என்று நம்பவைக்க ஒரு வாரம் ஆனது. அதற்குள் அவர் வீட்டு ஃப்ரிட்ஜும் ஆட்டோவில் ஏறி வகுப்புக்கு வந்துவிட்டது. "பால் திரிஞ்சா நீங்கதான் பதில் சொல்லணும்" என்றார் மனைவி. ஆனால் தடுக்கவில்லை. பொம்மைப் பேச்சும் அன்றோடு நின்றது.

எட்டு மாதம் நன்றாகப் போனது. பிறகு அரசு எல்லாப் பதிவுகளையும் கணினியில் ஏற்றியது. ஒரு பெயர் ஏழு இடத்தில் இருப்பதைக் கணினி ஒரே நாளில் கண்டுபிடித்து, முதலில் பதிவான இடத்தில் மட்டும் வைத்துக்கொண்டு மற்ற ஆறிலும் அடித்துவிட்டது. அவர் தினமும் பாடம் எடுத்த நிலையத்துக்கு நோட்டீஸ் வந்தது: தகுதியான ஆசிரியர் எவரும் இல்லை, முப்பது நாளில் உரிமம் ரத்து.

அங்கே பெயரை எடுத்தால்தான் இங்கே சேர்க்க முடியும் என்று, பேருந்து நிலையத்துக்குப் பக்கத்திலிருந்த அந்த முதல் நிலையத்துக்கு ராஜினாமாக் கடிதத்தோடு போனார். அந்த நிலையத்தின் முதல்வர் வருகைப் பதிவேட்டை எடுத்து விரித்தார்.

"ஆறு வருஷத்துல ஒரு நாள் லீவு போடல நீங்க. இப்படிப்பட்ட ஆள எப்படி சார் விடறது?"

"நான் வந்ததே மொத்தம் ஆறு நாள்தானேங்க!"

"பதிவேடு அப்படிச் சொல்லலையே சார்."

கையெழுத்துகள் அவருடையவைதான். ஒவ்வொரு ஆய்வு நாளிலும் காட்டிய இடத்தில் எல்லாம் போட்டுக் கொடுத்தவை. அன்று வீட்டுக்கு வந்து அவர் சாப்பிடவில்லை. கணினி மேல் வந்த கோபம் மெல்லத் தன் மேலேயே திரும்பிவிட்டது. தான் பாடமே எடுக்காத மற்ற ஆறு இடத்திலும், கேள்வியை வைத்துக்கொண்டு யாராவது உட்கார்ந்திருந்திருப்பார்கள் அல்லவா?

விடிந்ததும், நடந்ததை ஒளிக்காமல் இரண்டு பக்கம் எழுதிக் கொண்டுபோய் அதிகாரியிடம் நீட்டினார். அதிகாரி படித்துவிட்டுக் குரலைத் தணித்தார்.

"இத வாங்கினா, ஆறு வருஷமா நீ என்னத்தப் பாத்தேன்னு என்னைக் கேப்பாங்க. எனக்கு இன்னும் மூணு வருஷம் சர்வீஸ் இருக்கு சார்."

"அப்போ என்னை உங்களுக்கு அடையாளம் தெரியும்?"

"தெரியாம இருக்குமா சார்?" என்றவர், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கோட்டு சார் கடிதத்தைத் தபால் பிரிவில் கொடுத்து முத்திரை வாங்கிக்கொண்டுதான் வெளியே வந்தார்.

விசாரணை விறுவிறுவென்று முடிந்தது. பொய்த் தகவல் கொடுத்த குற்றத்துக்காக அவர் இரண்டு வருடம் துறைத் தலைவராக இருக்கக் கூடாது என்று உத்தரவு. ஏழு நிலையங்களுக்கும், ஏமாற்றப்பட்டவர்கள் என்ற முறையில், வேறு ஆள் தேடிக்கொள்ள ஆறு மாத அவகாசம். தவறுகளைக் கண்டறிந்ததற்காக அதிகாரிக்குப் பாராட்டுக் கடிதம்.

ஐந்தாவது நிலையம் வெளியூரிலிருந்து ஒரு துறைத் தலைவரைப் பிடித்துப் பதிவு செய்தது. அந்த மனிதரை மாணவர்கள் யாரும் கண்ணால் பார்த்ததில்லை. கோட்டு சாரை ஆய்வக உதவியாளர் என்று எழுதிக்கொண்டார்கள். அதற்குத் தகுதி எதுவும் தேவையில்லை. அவர் வழக்கம்போல் ஒன்பது மணிக்கு வந்து பாடம் எடுக்கிறார்.

அரசுத் தேர்வில் பதினான்கு பேரில் பதினோரு பேர் தேறினார்கள். முன்வரிசைப் பெண்மணி செய்முறையில் முதல் மதிப்பெண், எழுத்தில் விதிமுறைப் பாடத்தில் தோல்வி. இப்போது வகுப்பு முடிந்தபின் அவரும் கோட்டு சாரும் உட்கார்ந்து அந்தப் பாடத்தை மனப்பாடம் செய்கிறார்கள். அது மட்டும் இரண்டு பேருக்கும் ஏற மாட்டேன் என்கிறது.