மணிக்கு இரண்டரை மைல்

பி.யு.சி. படிக்கக் கடலூரிலிருந்து சிதம்பரத்துக்குத் தினமும் பாசஞ்சரில் போய்வந்தேன். வழியில் கிள்ளையில் ஏறுகிற ஒருவன் வகுப்பில் என் பக்கத்தில் உட்காருவான். பிச்சாவரம் பக்கத்து மீனவர் வீட்டுப் பிள்ளை. பாடமெல்லாம் ஆங்கிலத்தில். அவன் அதுவரை தமிழில் படித்தவன். தப்பில்லாமல் எழுதுவான், பேசச் சொன்னால் வராது.

முதல் இயற்பியல் தேர்வில் ஒரு கணக்கு. படகு ஒன்று கிழக்கே மூன்று மைல் போய், அங்கிருந்து வடக்கே நான்கு மைல் போகிறது. மொத்தம் இரண்டு மணி நேரம். சராசரி திசைவேகம் என்ன? மூன்றையும் நான்கையும் கூட்டி, இரண்டால் வகுத்து மூன்றரை என்று எழுதினேன். ஓரக்கண்ணால் பார்த்தால் அவன் தாளில் இரண்டரை. ஒரு முக்கோணம் வரைந்து, கிழக்கிலிருந்து வடக்காக ஐம்பத்து மூன்று டிகிரி என்று திசையும் குறித்திருந்தான். என்னுடையதை அடித்துவிட்டு அதை அப்படியே எழுதினேன்.

தாள் கொடுத்த அன்று ஆசிரியர் எங்கள் இருவரையும் எழுப்பினார்.

“யார் யாரைப் பாத்து எழுதினது?”

அவனை ஆங்கிலத்தில் விளக்கச் சொன்னார். அவனுக்கு வார்த்தை வரவில்லை. அவன் தாளில் பூஜ்யம் போட்டார். நான் பேசாமல் நின்றேன்.

சாயங்காலம் ரயிலில் என் தாளை வாங்கிப் பார்த்தான். அடித்திருந்த மூன்றரைமேல் விரலை வைத்தான்.

“போன தூரத்தக் கூட்டிட்டியா? எங்க வாய்க்கால் வளைஞ்சி வளைஞ்சி போவும். எவ்ளோ தூரம் படகத் தள்ளிக்கினு போனோம்ன்றது வேற. பொறப்பட்ட எடத்துலேர்ந்து சேந்த எடத்துக்கு நேரா கோடு போடு. அஞ்சு மைல்தான் வரும். அத ரெண்டால வகு. கோடு எந்தப் பக்கம் போவுதுன்னும் சொல்லணும்.”

குரலில் கோபமே இல்லை. திட்டியிருந்தால் தேவலாம் போலிருந்தது. கிள்ளையில் இறங்கிப் போய்விட்டான்.

மறுநாள் ஆசிரியர் அறைக்குப் போனேன். “நான்தான் சார் பாத்து எழுதினேன்.”

“நேத்து வாய் இல்லியா?” என்றவர் என் மதிப்பெண்ணை அடித்தார்.

அன்று வகுப்பில் அவனைக் கரும்பலகைக்குக் கூப்பிட்டு, “தமிழ்லயே சொல்லு” என்றார். புதுக் கணக்கு ஒன்றை நிதானமாகப் போட்டுக் காட்டினான். ஆசிரியர் மன்னிப்புக் கேட்கவில்லை. பூஜ்யத்தை மட்டும் திருத்தினார்.

ஒரு வாரம் அவன் என்னோடு பேசவில்லை. பிறகு ஒருநாள் ரயிலில் புத்தகத்தை நீட்டி, “இத இங்கிலீஷ்ல எப்பிடிச் சொல்றது?” என்று கேட்டான். நான் ஒவ்வொரு வரியாகச் சொல்லிக்கொடுத்தேன்.