சூடான சுவரும் டீசல் வண்டியும்

பெட்ரோல் வண்டி நல்லதா, டீசல் வண்டி நல்லதா என்று யாராவது பேச்செடுத்தால் நான் எழுந்து போய்விடுவேன். எனக்கு அது இன்ஜின் சமாச்சாரம் இல்லை. என் தங்கை புருஷன் சமாச்சாரம்.

எழுபதுகளின் கடைசியில் நான் தேயிலைத் தோட்டத்தில் மருந்து அடிக்கும் வேலையில் இருந்தேன். பகல் இரண்டு மணிக்கு வேலை முடிந்துவிடும். ஒரு பிக்கப் இருந்தால் கியா பார்ம் காய்கறித் தோட்டங்களில் முட்டைக்கோஸ் ஏற்றி பிரிஞ்சாங் சந்தையில் இறக்கலாம். இரண்டு மூன்று வருடம் அப்படி ஓட்டினால் போதும், தோட்டத்து வேலையை நானே விட்டுவிட்டுத் தலை நிமிர்ந்து வெளியேறலாம். அந்த ஒரே ஆசையில்தான் சீட்டுக் கட்டினேன். வேலை இருந்தால்தான் தோட்டத்து லயத்தில் வீடு. வேலை போனால் சட்டி பானையைத் தூக்க வேண்டியதுதான்.

பிரிஞ்சாங்கில் ஒரு காய்கறித் தவுக்கே, சீன முதலாளி, இரண்டு பழைய பிக்கப்புகளை விற்க வைத்திருந்தார். பெட்ரோல் வண்டி சாவியைத் திருப்பியதும் எழுந்தது. டீசல் வண்டி இருமி, கறுப்புப் புகை கக்கி, மூன்றாம் தடவைதான் ஓடியது. எங்கள் மலைக் குளிரில் அது என்ன பாடு படுத்தும் என்று எனக்குத் தெரியும். பெட்ரோல் வண்டிமேல்தான் எனக்குக் கண்.

தங்கை புருஷனைக் கூடவே கூட்டிப் போயிருந்தேன். டீ தொழிற்சாலையில் இன்ஜின் பார்ப்பவன். நட்டு போல்ட்டு விஷயத்தில் அவன் சொல்வது எனக்கு வேதவாக்கு.

"டீசலையே எடுங்க மச்சான். பாரம் இழுக்கும், எண்ணெயும் கம்மியாக் குடிக்கும் லா."

"இந்தக் குளுருக்குக் காலையில ஸ்டார்ட் ஆகாதே மாப்ளே?"

"அதுக்கு வழி இருக்கு. நம்ம பேக்டரியில டீ காய வைக்கிற அடுப்புச் செவரு இருக்குல்ல, ராத்திரி பூரா கதகதன்னு இருக்கும். வண்டிய அதை ஒட்டி நிறுத்துங்க. ஆபீஸ் கிராணிகிட்ட நீங்களே போய் ஒரு வார்த்தை கேட்டுடுங்க. நான் கேட்டா நல்லா இருக்காது."

நானே போய்க் கேட்டேன். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, ஆபீசில் எல்லார் முன்னாலும் கெஞ்சினேன். கிராணி தோட்டத்து மேனேஜர் துரையிடம் பேசி இடம் வாங்கிக் கொடுத்தார்.

சுவரைப் பற்றி அவன் சொன்னது உண்மைதான். எதிரில் நிற்பவர் முகம் தெரியாத பனியிலும் நான் எடுத்த டீசல் வண்டி ஒரே திருப்பில் எழுந்தது. விடியலில் ஒரு நடை, வேலை முடிந்து ஒரு நடை. டீசல் எண்ணெய்க்கு நான் அலையவே வேண்டியதில்லை. வாரம் தவறாமல் அவன் கையில் காசைக் கொடுத்துவிடுவேன். டவுனில் தெரிந்த கடையில் தகரத்தில் வாங்கி வந்து அவனே ஊற்றி வைப்பான். இப்படி ஒரு மாப்பிள்ளை யாருக்குக் கிடைப்பான் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டு திரிந்தேன். மடையன்.

ஒரு ஞாயிறு மதியம் காவல்காரர் அந்தச் சுவர்ப் பக்கம் போயிருக்கிறார். என் வண்டி டாங்கியில் ஒரு ரப்பர் குழாய் செருகியிருந்தது. அதன் மறுமுனை பக்கத்திலிருந்த தொழிற்சாலை இன்ஜின் அறை ஜன்னல் வழியாக உள்ளே, தோட்டத்து டீசல் டிரம்முக்குப் போயிருந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த அறையில் பெட்ரோல் கிடையாது. டீசல் மட்டும்தான் உண்டு.

ஆபீசில் துரை விசாரித்தார். மாப்பிள்ளை கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"அவருதாங்க ஊத்தச் சொன்னாரு. பொண்டாட்டியோட அண்ணன், மாட்டேன்னு சொல்ல முடியலீங்க."

என் முகத்தை அவன் பார்க்கவே இல்லை.

"வண்டி நிறுத்த எடம் வேணும்னு வந்து கெஞ்சினது நீதானேப்பா?" என்றார் கிராணி. கெஞ்சியது நான்தானே.

வாராவாரம் காசு கொடுத்ததைச் சொல்லியிருக்கலாம். வாயும் திறந்தேன். ஆபீஸ் வாசலில் தங்கை ஏழு மாத வயிற்றோடு நின்றுகொண்டிருந்தாள். அவன் வேலை போனால் அவள் வீடும் போகும். திறந்த வாயை மூடிக்கொண்டேன். நான் மூடிக்கொள்வேன் என்று தெரிந்துதான் அவன் அப்படிப் பேசினான். திருடியதைக்கூட மறந்துவிடலாம். என் பாசத்தை அளந்து பார்த்து அதன்மேல் ஏறி நின்றானே, அதுதான் இன்றுவரை வயிற்றை எரிக்கிறது.

அவனுக்கு எச்சரிக்கையோடு போயிற்று. எனக்கு வேலை போயிற்று. மூன்று நாளில் வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். கம்போங் ராஜாவில் ஒரு பலகை வீடு பார்த்தேன்.

கிளம்பிய அன்று காலை வண்டி லயத்து முன்னால் வெட்டவெளியில் விறைத்துக் கிடந்தது. சுவர்ப் பக்கம்தான் எனக்கு இனி இடமில்லையே. கட்டிலும் பாத்திரங்களும் ஏற்றியாயிற்று. மனைவி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். சாவியைத் திருப்பினேன். இருமியது, அவ்வளவுதான். மறுபடி திருப்பினேன். லயத்து ஆட்கள் நாலைந்து பேர் ஓடி வந்து சரிவில் தள்ளினார்கள். தள்ளியவர்கள் ஒவ்வொருவராக மூச்சு வாங்கி நின்றுவிட்டார்கள். கண்ணாடியில் பார்த்தேன். ஒருவன் மட்டும் விடாமல் தள்ளிக்கொண்டு பின்னாலேயே ஓடி வந்தான்.

"கிளட்சை விடுங்க மச்சான்! இப்ப விடுங்க!"

விட்டேன். வண்டி பிடித்துக்கொண்டது.