கெமிஸ்ட்ரி லேபும் என் முந்தானையும்

கெமிஸ்ட்ரி லேப் ஆயாவின் பீரோவில் அமிலம் படாத புடவை ஒன்றுகூட இருக்காது; உங்களில் யாராவது சோதனைக் குழாய் கழுவிப் பிழைத்திருந்தால் என் கஷ்டம் புரியும்.

ஆறாவதோடு படிப்பை விட்ட எனக்கு, எண்பதுகளின் கடைசியில் திருமுல்லைவாயிலில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் இந்த வேலை கிடைத்தது. பிளஸ் டூவில் கணக்கும் விஞ்ஞானமும் மட்டுமே உள்ள பள்ளி. வேலையோ தற்காலிகம். "பிராக்டிகல் பரீட்சை புகார் இல்லாம முடியட்டும், நிரந்தரம் பண்ணிடலாம்" என்று தலைமையாசிரியை சொன்ன நாளிலிருந்து எனக்குத் தூக்கமில்லை.

வாடை

சல்ஃபைடு என்று ஓர் உப்பு. அதில் அமிலம் ஊற்றினால் அழுகிய முட்டை வாடை குடலைப் பிடுங்கும். அந்த பாட்டிலைத் தொட்டாலே என் கை தானாக முந்தானையை மூக்குக்குக் கொண்டுபோகும். விஷமோ என்னவோ, எனக்கு ஒன்று ஆகிவிட்டால் என் பிள்ளைகளை யார் பார்ப்பது? பாடியில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டும் என் வீட்டுக்காரர் ஒருநாள் வாசலிலேயே மறித்தார்: "இன்னாமே, அழுவுன முட்டைய தலைல தேச்சிகினு வந்தியா? ஊடே நாறுது!"

கேள்வி

பிராக்டிகலில் ஆளுக்கோர் உப்பைப் பெயர் சொல்லாமல் கொடுப்பார்கள். சோதித்துக் கண்டுபிடிக்க வேண்டும். கெமிஸ்ட்ரி சார் கட்டும் பொட்டலங்களை மேஜை மேஜையாக வைப்பது நான். "அக்கா, என்ன உப்புக்கா?" என்று பிள்ளைகள் பின்னாலேயே வருவார்கள். உங்களையும் கேட்டிருப்பார்கள். சொன்னால் வேலை போகும். சொல்ல எனக்குத் தெரியவும் தெரியாது.

ஆவடி குவார்ட்டர்ஸிலிருந்து வரும் செல்வி மட்டும் கேட்கவே மாட்டாள். ஏன் என்றேன். "நீங்க எதுக்குக்கா வாயத் தொறக்கணும்? சல்ஃபைடுன்னா உங்க முந்தானையே சொல்லிருதே!"

தும்மல்

அதன்பிறகு முந்தானையை இடுப்பில் இறுகச் செருகிக்கொண்டேன். பரீட்சையன்று பார்த்து ஜலதோஷம். தும்மினால் பொட்டலத்துப் பொடி பறந்துவிடுமே என்று மூக்கைப் பொத்தியபடியே எல்லா மேஜைக்கும் போனேன்.

வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் விடைத்தாள்களைப் புரட்டினார். ஒருத்தர் விடாமல் சல்ஃபைடு! அன்று அந்த உப்பை யாருக்கும் கொடுக்கவே இல்லை. "இந்தம்மாதான் எல்லாருக்கும் சொல்லியிருக்காங்க" என்று என்னைக் காட்டினார். வேலை போயிற்று என்றே நினைத்தேன்.

செல்விதான் முன்னால் வந்தாள். "சார், அக்கா ஒண்ணும் சொல்லல. மூக்கப் பொத்துனாங்க, நாங்களா எழுதிட்டோம்." அந்த நேரம் பார்த்து எனக்கு அடுக்கடுக்காகத் தும்மல். தேர்வாளர் சிரித்துவிட்டார். என்னை வெளியே நிற்கச் சொல்லி, பிள்ளைகளை மறுபடி சோதிக்க வைத்தார். இந்த முறை வேறு வழியில்லாமல் ஒழுங்காகச் செய்து தேறினார்கள்.

சாயங்காலம் தலைமையாசிரியை கூப்பிட்டார்: "தேர்வாளர் புகார் எதுவும் எழுதல, உன்னை நிரந்தரம் பண்ணியாச்சு. ஆனா பிராக்டிகல் அன்னிக்கு மட்டும் ஸ்கூல் பக்கமே வரக்கூடாது!"

வருஷம் பூராவும் பள்ளியில் நின்று கவலைப்படுகிறவள், அந்த நாளில் மட்டும் வீட்டில் உட்கார்ந்து சம்பளத்தோடு கவலைப்படுகிறேன்.